வைத்தியர் திரையில், சுமை யார் தலையில்?

நற்பிட்டிமுனையில் நீரிழிவுள்ள ஓர் உம்மா, கல்முனைக்குப் போய் வரிசையில் நிற்காமல், மகளின் கைத்தொலைபேசியில் வைத்தியரைக் கண்டு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் காசு மிச்சம், அரை நாளும் மிச்சம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் படும் பாட்டை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? குரல் விட்டுவிட்டு வருகிறது. காலிலுள்ள புண்ணைக் கமராவுக்கு நேரே பிடித்தபடியே கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இணைப்பு அறுந்துவிடுமோ என்ற பதற்றத்தில் சொல்ல வந்தது மறந்துபோகிறது. மறந்தது புண்ணைப் பற்றிய சொல்லாக இருந்தால், பிறகு விரலையே இழக்க நேரிடலாம்.

இந்த மனச்சுமையை அளக்க ஒரு வழி உண்டு. 1988ஆம் ஆண்டு, அமெரிக்க நாசா நிறுவனத்தின் ஆய்வில் ஈடுபட்ட சான்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லண்ட் ஆகிய இருவரும் ஆறு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டனர். எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது, உடல் எவ்வளவு அலுத்தது, நேரம் எவ்வளவு நெருக்கியது, வேலை எவ்வளவு சரியாக முடிந்தது, எவ்வளவு பாடுபட்டீர்கள், எவ்வளவு எரிச்சல் வந்தது என்பனவே அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டில் அடையாளமிட வேண்டும். புள்ளிகள் 0 முதல் 100 வரை. மருதமுனைத் தறிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழகிய கரையும் புதுக் கரையும் முழக்கணக்கில் ஒன்றுதான், ஆனால் புதியதில் தலை அலுக்கும்.

தமிழ்நாட்டில் அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் கிராமங்களில் கண் பார்வை மையங்களை நடத்தி வருகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கருவியால் கண்ணைப் பரிசோதித்து, விபரத்தைக் கணினியில் பதிவார். தூரத்திலிருக்கும் வைத்தியர் திரைவழியே நோயாளியுடன் பேசுவார். ஏற்பாடு நல்லதே. எனினும் கருவி, கணினி, நோயாளி, வைத்தியர் என்று நான்கு பக்கமும் ஊழியர் ஒருவரே கவனிக்க வேண்டியிருக்கிறது. இப்படியான இடங்களில் வைத்தியர், ஊழியர், நோயாளி மூவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதே எமது அபிப்பிராயம். ஒருவர் தலையிலிருந்து இறங்கிய சுமை மற்றவர் தலையில் ஏறியிருக்கலாம். மொத்தப் புள்ளியை மட்டும் பார்ப்பதும் போதாது. இருவருக்கு 50 புள்ளி வரலாம். ஒருவருக்கு அது நேர நெருக்கடியால் வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். மற்றவருக்கு எரிச்சலால் வந்தது. இணைப்பைச் சீர்செய்ய வேண்டும்.

படிவத்தில் ஒரு சிக்கலும் உண்டு. வேலை சரியாக முடிந்ததா என்ற கோட்டில் மட்டும் இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் தோல்வி. வாசித்துக் காட்டுபவர் இதை விளக்காவிட்டால் கணக்குத் தலைகீழாகும். பேச்சு முடிந்த கையோடு கேட்பது நல்லது. அடுத்த கிழமை கேட்டால் பாதி மறந்திருக்கும். இன்னொன்று, எமது பெண்களிடம் கஷ்டமா என்று கேட்டால், வந்தவர் மனம் நோகாதிருக்க, "பரவாயில்ல" என்றுதான் சொல்வார்கள். ஆகவே கருவியைக் கொண்டுவந்து கொடுத்தவரே கேள்வியையும் கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று கேட்கட்டும். அத்துடன், எத்தனை தடவை "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும்.