நம்ப வைக்கும் எழுத்து

ஜான் பாஸ்கர்வில் உருவாக்கிய எழுத்தின் கோடுகள் மெலிந்து ஒடுங்கியிருக்கின்றன, நாட்டில் புத்தகம் படிக்கிறவர்களின் கண்ணெல்லாம் கெட்டுவிடும் என்று ஒரு கனவான் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் குறைபட்டுக்கொண்டார். ஃபிராங்க்ளினும் அச்சுத் தொழில் பார்த்தவர். உள்ளே போய் வேறொரு எழுத்துரு மாதிரித் தாளை எடுத்தார். பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, ‘இதுதான் பாஸ்கர்வில்’ என்று நீட்டினார். அது கேஸ்லன் எழுத்து. அந்த மனிதர் காலமெல்லாம் சிரமமின்றிப் படித்துவந்த எழுத்து. அதையே பார்த்து, கண் வலிக்கிறது என்று வரிசையாகக் குற்றம் சொன்னார் அவர். 1760-ல் ஜான் பாஸ்கர்விலுக்கு எழுதிய கடிதத்தில் ஃபிராங்க்ளின் சொன்ன சம்பவம் இது.

எழுத்துருவின் கதை முழுக்க இந்தச் சம்பவத்தில் அடங்கியிருக்கிறது. கண் பார்ப்பதற்கு முன்பே மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது.

கல்லில் தொடங்கிய கை

பர்மிங்காமில் கையெழுத்துப் பயிற்சி தரும் வாத்தியாராக இருந்தவர் பாஸ்கர்வில். கல்லறைக் கற்களில் எழுத்தும் வெட்டினார். பிறகு தட்டு, பெட்டி போன்ற சாமான்களுக்குப் பளபளக்கும் வார்னிஷ் பூசும் தொழிலில் நல்ல காசு பார்த்தார். அந்தக் காசை 1750 வாக்கில் எழுத்து வார்ப்பதில் கொட்டத் தொடங்கினார். முதல் புத்தகமான ரோமானியக் கவி வர்ஜிலின் கவிதைகள் வெளிவந்தது 1757-ல். இடையில் ஏழு வருடம் ஓடியிருந்தது.

எழுத்தை வார்த்ததோடு அவர் நிற்கவில்லை. மெல்லிய கோடு சொரசொரப்பான காகிதத்தில் சிதையும் என்பதால் வழவழப்பான காகிதம் தேடினார். மையை இன்னும் கறுப்பாகக் காய்ச்சினார். அச்சடித்த தாள்களைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார். ஓரங்களில் தாராளமாக வெள்ளை விட்டார்.

எழுத்தைக் கவனித்துப் பாருங்கள். நிற்கும் கோடு தடித்திருக்கும். வளைந்து திரும்புகிற இடத்தில் மயிரிழையாகும். நுனிகளில் இருக்கும் ‘செரிஃப்’ என்ற சிறு பாதங்கள் கூர்மையாகச் செதுக்கியவை. ‘கியூ’வின் வால் பேனாவைச் சுழற்றி இழுத்ததுபோல் நீளும். சின்ன ‘ஜி’யின் கீழ்வளையம் மூடாமல் வாய் திறந்திருக்கும். கையெழுத்து வாத்தியாரின் கை அங்கேதான் தெரிகிறது.

1763-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக அவர் அச்சிட்ட பைபிள், அச்சுக்கலையின் உச்சங்களில் ஒன்று என்று இன்று கொண்டாடப்படுகிறது. அன்று அது சரியாக விற்கவில்லை. 1775-ல் அவர் இறந்த பிறகு மனைவி சாரா அந்த எழுத்துகளைப் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் படைப்புத் தொகுப்பு அவற்றில்தான் அச்சானது. மூல வார்ப்புக் கருவிகள் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது 1953-ல்.

இன்று கவிதைத் தொகுப்பு, பட்டச் சான்றிதழ், நகைக்கடை விளம்பரம் என எங்கே கௌரவம் தேவையோ அங்கே இந்த எழுத்தைக் கூப்பிடுகிறார்கள். கொடி பறக்கும் கனடா அரசின் பெயர்ச் சின்னமும் இதன் சாயல்தான்.

1.5 சதவீதம்

2012-ல் எரோல் மோரிஸ் என்ற அமெரிக்க ஆவணப்பட இயக்குநர், பத்திரிகை வாசகர்களிடம் ஒரு கூற்றைக் கொடுத்து ‘இது உண்மையா?’ என்று கேட்டார். சுமார் 45,000 பேர் பதில் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே வாசகம்தான். ஆறு எழுத்துருக்களில் ஏதோ ஒன்றில் அது தெரியும். சோதனை எழுத்துருவைப் பற்றியது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதிகம் பேரை ஒப்புக்கொள்ள வைத்தது பாஸ்கர்வில். வித்தியாசம் ஏறக்குறைய 1.5 சதவீதம்தான். எழுத்துரு வெறும் பாத்திரம், சரக்குதான் முக்கியம் என்பாரும் உண்டு. ஆனால் லட்சம் பேருக்கு ஒரு பொய்யை அனுப்புகிறவனுக்கு 1.5 சதவீதம் என்பது 1,500 பேர்.

என் கவலை இதுதான். என் சித்தி மகனுக்கு ஒரு வேலை உத்தரவு வந்தது. கனமான தாள், பாஸ்கர்வில் சாயலில் அழகான செரிஃப் எழுத்து, அளவான இடைவெளி. ‘இவ்வளவு நேர்த்தியா அடிச்சிருக்காங்க, பொய்யா இருக்குமாண்ணே?’ என்று என்னிடம் கேட்டான். முன்பணம் கட்டிய பிறகுதான் அப்படி ஒரு அலுவலகமே இல்லை என்று தெரிந்தது. தாளைப் பார்த்த நானும் ஒரு நிமிஷம் நம்பினேன். அது இன்னும் உறுத்துகிறது.

நேர்த்தியை நம்புவது நம் தவறும் இல்லை. கல்லில் வெட்டுகிறவன் ஒரு எழுத்தைத் தவறவிட்டால் கல்லே பாழ். அதனால் வெட்டுவதற்கு முன் பத்து முறை சரிபார்ப்பான். நல்ல அச்சகத்திலும் அப்படித்தான். இத்தனை உழைத்து அச்சிட்டவன் சொல்வதையும் சரிபார்த்திருப்பான் என்று தலைமுறை தலைமுறையாகக் கண் பழகிவிட்டது. இன்று பாஸ்கர்விலின் இலவச வடிவமே இணையத்தில் கிடைக்கிறது. ஏழு வருட உழைப்பின் தோற்றம் ஏழு நொடியில் யார் கைக்கும் வந்துவிடுகிறது. சரிபார்க்கும் பழக்கம் மட்டும் கூடவே இறங்கி வருவதில்லை.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பணம், வேலை, மருந்து பற்றி அழகாக அச்சிட்ட தாள் வந்தால், முக்கியமான வரிகளை ஒரு பழைய நோட்டில் என் கோணல் கையெழுத்தில் எழுதிப் படிக்கிறேன். அப்போதும் நம்பும்படி இருந்தால்தான் அடுத்த காரியம். சித்தி மகனின் உத்தரவையும் பிற்பாடு அப்படி எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே பொய் தெரிந்தது.