சாப்பிடாமல் விட்ட ஏழு மாத்திரைகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு மாத்திரை அட்டை கிடக்கிறது. பன்னிரண்டில் ஐந்து போக, மீதி ஏழு அப்படியே இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அந்த ஏழையும் ஒழுங்காக விழுங்கியிருந்தால், ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் கிடந்திருக்க மாட்டேன்.

நான் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் மென்பொருள் எஞ்சினீயர். கடந்த ஆண்டு ஜனவரியில், ஒரு வங்கி மென்பொருள் வேலைக்காக இரண்டு வாரம் நைஜீரியாவின் லாகோஸ் போனேன். கிளம்பும் முன்பே டாக்டர் மலேரியா தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று, திரும்பி வந்த பிறகும் ஏழு நாள் என்று தெளிவாகச் சொன்னார். நானோ விமானம் இறங்கிய அன்றே நிறுத்திவிட்டேன். ‘ஊர் வந்தாச்சு, இந்தக் குளிர்ல கொசுவே கிடையாது, இனி எதுக்கு?’ என்ற நினைப்புதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கொசு கடித்ததும் மலேரியா கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு வாரம் போல் சத்தமில்லாமல் பெருகுகிறது. அதன் பிறகே ரத்தத்தில் இறங்குகிறது. கடைசி நாள் கடித்த கொசு விட்ட கிருமியைப் பிடிக்கத்தான் அந்த ஏழு மாத்திரை.

திரும்பிய பதினோராம் நாள் குளிர் காய்ச்சல். ‘ஃப்ளூ’ சீசன் வேறு. டாக்டரிடம் போனேன். காய்ச்சல், உடம்பு வலி என்றேன். லாகோஸ் போனதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மறைக்கணும்னு இல்லை, தோன்றவே இல்லை. பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டேன்.

இன்னொரு அலட்சியமும் இருந்தது. சின்ன வயதில் ராயபுரத்தில் எனக்கு மலேரியா வந்திருக்கிறது. கசப்பு மாத்திரை, ஒரு வாரம் பள்ளிக்கூடம் லீவு, அவ்வளவுதான். சென்னையில் அதிகம் காணப்படுவது ‘வைவாக்ஸ்’ வகை. படுத்தி எடுக்கும், ஆனால் உயிரைக் குடிப்பது அபூர்வம். ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது ‘ஃபால்சிபாரம்’. பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. இந்தக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, மூளை, சிறுநீரகம் என்று ஒவ்வொரு உறுப்பாக ரத்தம் போகும் வழியை அடைக்கின்றன.

நான்காம் நாள் காலை என் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போயிருக்கிறது. எனக்கு நினைவில்லை. “லாகோஸ் மீட்டிங்குக்கு லேட்டாச்சுன்னு என்கிட்டயே இங்கிலீஷ்ல பேசுனீங்க” என்று மனைவி பிறகு சொன்னாள். பயந்துபோய் 112-க்குப் போன் செய்திருக்கிறாள். அவசரப் பிரிவில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: “கடந்த மூன்று மாதத்தில் வெளிநாடு எங்காவது போனாரா?” மனைவி லாகோஸ் என்றதும் அவர் எழுந்தே நின்றுவிட்டாராம். ஒரு மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் சிவப்பணுக்களில் 12 சதவீதத்தில் கிருமி. 10 சதவீதத்தைத் தாண்டினாலே அது கடுமையான மலேரியா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

ஐ.சி.யூ.வில் என்ன நடந்தது?

டிஸ்சார்ஜ் அறிக்கையை, சர்வர் விழுந்த மறுநாள் ‘லாக்’ படிப்பது மாதிரி வரி வரியாகப் படித்தேன். உயிர் காத்த மருந்தின் பெயர் ஆர்ட்டிசுனேட். எடையில் கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் கணக்கில் நரம்பு வழியாக ஊசி. என் 70 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 168 மில்லிகிராம். சேர்ந்தவுடன் ஒன்று, 12-ஆம் மணி நேரத்தில் ஒன்று, 24-ஆம் மணி நேரத்தில் ஒன்று, பிறகு தினம் ஒன்று. வாயால் விழுங்கும் நிலை வந்ததும் மூன்று நாள் கூட்டு மாத்திரை.

இந்த மருந்தின் மூலப்பொருளான ஆர்ட்டிமிசினினை 1970-களின் தொடக்கத்தில் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்தவர் சீன விஞ்ஞானி தூ யூயூ. பழைய சீன மருத்துவச் சுவடியில் இருந்த ஒரு குறிப்புதான் அவருக்கு வழிகாட்டியது. 2015-ல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முன் நெடுங்காலம் கொய்னாதான் கதி. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் நாடுகளின் 1,461 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கொய்னா பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். நம் ஊர் நோயாளிகளும் சேர்ந்து கொடுத்த பாடம் அது.

மருந்து கிருமியைக் கொல்லும். அதுவரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் ஐ.சி.யூ.வின் வேலை. என் ரத்தச் சர்க்கரை 48-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, மணிக்கணக்கில் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிறுநீரகம் நின்றதால் மூன்று முறை டயாலிசிஸ்.

“உடம்பு வத்திப்போச்சு, ரெண்டு பாட்டில் ட்ரிப்ஸ் கூட ஏத்தக் கூடாதா?” என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். அளந்துதான் ஏற்றுவோம் என்றார்களாம். கடுமையான மலேரியாவில் அவசரப்பட்டு நீர் ஏற்றினால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். 2011-ல் கென்யா, தான்சானியா, உகாண்டாவில் கடுங்காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும், வேகமாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளே அதிகம் இறந்தார்கள்.

வீடு திரும்பியும் முடியவில்லை. ஆர்ட்டிசுனேட் ஊசி போட்ட சிலருக்கு ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் சிவப்பணுக்கள் திடீரென உடையும். அதற்காக வாரா வாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். நல்லாத்தானே இருக்கேன், போகணுமா என்று தோன்றியது. மாத்திரை அட்டை ஞாபகம் வந்ததால் போனேன். இரண்டாம் வாரம் ஹீமோகுளோபின் 6.8. மறுபடி படுக்கை, ரத்தம் ஏற்றினார்கள்.

லாகோஸுக்கும் எனக்கும் நடுவில்

லாகோஸ் அலுவலக நண்பர்கள் மலேரியாவை ஜலதோஷம் மாதிரி பேசுவார்கள். சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து அவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு. அது இல்லாத நான் அவர்கள் பேச்சைக் கேட்டு அசட்டையாக இருந்தேன். அந்த எதிர்ப்புச் சக்தி வருவதற்குள் போய்விடும் குழந்தைகளை யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை. 2023-ல் உலகில் மலேரியாவால் 5.97 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில்; அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

என்னைக் காப்பாற்றிய மருந்து ஐ.சி.யூ.வுக்கு மட்டும் சொந்தமானதல்ல. தசையிலும் போடலாம். ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் கிராமங்களில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியே முதல் டோஸ் வைத்து அனுப்புகிறார்கள். ஆனால் அடுத்த டோஸுக்குள் அந்தக் குழந்தை ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும். எனக்கு ஆம்புலன்ஸ், டயாலிசிஸ், ரத்தம் எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைத்தது. தப்பு முழுக்க என்மேல் இருந்தும் பிழைத்தேன். ஒரு தப்பும் செய்யாத குழந்தைக்கு இது கிடைக்காமல் போவதுதான் இன்னும் உறுத்துகிறது.

வேலைக்காக ஆப்பிரிக்கா போய்வரும் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் சொல்வது இரண்டே விஷயம். மாத்திரையை டாக்டர் சொன்ன கடைசி நாள் வரை சாப்பிடுங்கள். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்; அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் எங்கே போய் வந்தீர்கள் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை என் மனைவி சொல்லும் வரை, என் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை.