காக்கி நெய்த இடத்தில் கோபுர வீடுகள்

ராஜபாளையம் வட்டாரத்துச் செட்டியார்பட்டியிலும் அதை ஒட்டிய தளவாய்புரத்திலும் பகல் நேரத்தில் நடந்தால் தையல் மெஷின் சத்தம் தெருவரை கேட்கும். நைட்டியும் உள்பாவாடையும் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஊர்கள் இவை. ஒரு வீட்டில் துணி வெட்டுகிறார்கள், இன்னொரு வீட்டில் ஓவர்லாக், அடுத்த தெருவில் மடித்துக் கட்டுகிறார்கள். முன்கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடம் எதுவோ அதுதான் மெஷினுக்கு. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் மாடி எடுக்கிறார்கள். படுக்கையறை வேண்டும் என்று எடுப்பதில்லை, இன்னும் நாலு மெஷின் போடத்தான் எடுக்கிறார்கள்.

இப்படி வீட்டில் தைக்கும் ஒரு அக்காவிடம், கம்பெனிக்குப் போனால் சம்பளம் கூடக் கிடைக்குமே என்று கேட்டேன். "கிடைக்கும் அண்ணாச்சி, பள்ளிக்கூடம் விட்டு வார பிள்ளைக்கு யாரு கதவு திறக்கது?" என்றார். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் அவர். வேலை வீட்டுக்குள் வந்ததில் அவருக்கு இருக்கும் லாபம் அந்தக் கதவுதான். நஷ்டமும் உண்டு. சங்கம் கிடையாது, மின்சாரம் போனால் கூலியும் போகும், முதுகுவலிக்கு முதலாளி கிடையாது. இந்த ஊரை ஒரு சொர்க்கம்போல எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் வீடு வேலைத்தலமாக மாறிய இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது, பெருநகரங்களில் நடக்கும் நேர்மாறான மாற்றம் கண்ணை உறுத்துகிறது. அங்கே வேலைத்தலங்கள் வீடுகளாகின்றன. யாருடைய வீடுகளாக என்பதுதான் என் கேள்வி.

சென்னை பெரம்பூர் பக்கத்து பி அண்ட் சி மில்லை நம் தலைமுறையில் பலர் சினிமாவில் மட்டுமே பார்த்திருப்போம். சண்டைக் காட்சியில் தூசி பறக்கும் பாழடைந்த கூடங்களில் பல அந்த மில்லுடையவை. உண்மையான மில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பின்னி நிறுவனத்தார் தொடங்கிய பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகள். 1920இல் இரண்டும் ஒரே கம்பெனியாயின. பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, சூளை, வியாசர்பாடி என்று வடசென்னையின் பாதி அதன் சங்கொலிக்கு எழுந்து சமைத்தது. அந்த மில்லின் பெயரைத் தூக்கி நிறுத்திய சரக்கு காக்கி. ராணுவத்துக்கும் போலீஸுக்கும் அங்கிருந்து போன காக்கித் துணி இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது.

அந்த மில் வாசலில்தான் இந்தியாவின் தொழிற்சங்க வரலாறு நிலைபெற்றது. மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரைமணி நேரத்தில் வெளியே வந்து, கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து உண்டு முடித்துத் திரும்ப முடியவில்லை. தாமதமாய் வந்தவனுக்குக் கதவு சாத்தப்பட்டது, கூலி வெட்டப்பட்டது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இந்தக் குறைகளைக் கேட்டுக் கேட்டு, பி.பி.வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடும் நிலை. அதன் பிறகு எழுந்த கோரிக்கைகளின் முடிவில் வந்ததுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம்.

1921இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் தொழிலாளிகளையே சாதியால் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வடு பெருமைக் கதையில் சேராமல் நழுவிப்போகிறது, சேர்த்தே சொல்ல வேண்டும்.

1996இல் மில் நிரந்தரமாக மூடியது. இன்று அங்கே எஸ்.பி.ஆர். சிட்டி. அறுபது ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள், வணிக வளாகம், பள்ளி. நீச்சல் குளமும் கிளப்பும் உள்ளே. பெங்களூரில் பின்னி மில் இருந்த பின்னிப்பேட்டையிலும் இப்போது உயர்ந்து நிற்பவை குடியிருப்புகளே.

இனி லண்டனுக்கு ஒரு நடை. ஒயிட்ஹால் தெருவில் 1906இல் கட்டி முடித்த பழைய போர் அலுவலகம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள், மைல் கணக்கில் தாழ்வாரம். முதல் உலகப் போரை பிரிட்டன் நடத்தியது அந்தக் கட்டடத்திலிருந்துதான். கிச்சனர் அங்கே அமைச்சராக இருந்தார், போர் முடிந்தபின் சர்ச்சில் இருந்தார். 2014இல் அதை 250 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது ஹிந்துஜா குழுமம். சிந்து மாகாணத்து ஷிகார்பூரிலிருந்து வியாபாரத்துக்குக் கிளம்பிய குடும்பம். 2023இல் அது ராஃபிள்ஸ் ஓட்டலாகவும் 85 ஆடம்பர வீடுகளாகவும் திறந்தது. அரசு அலுவலகம் ஒன்று பெரும்பணக்காரர் குடியிருப்பான கதைக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. காக்கி நெய்த கூடமும், காக்கி உடுத்தியவர்களைப் போருக்கு அனுப்பிய அறைகளும், ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

ஒரு வேறுபாடு முக்கியம். லண்டன் கட்டடம் நிற்கிறது, பெரம்பூர்க் கூடங்கள் போய்விட்டன. பாரம்பரியத்தின் மீது அங்கே பிரியம் அதிகம் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் கட்டட அமைப்பு. குளிர்சாதனம் வருவதற்கு முந்தைய அலுவலகங்களில் ஒவ்வொரு மேசைக்கும் ஜன்னல் வெளிச்சமும் காற்றும் வேண்டும். அதனால் கட்டடத்தை ஒல்லியாக வைத்து நடுவில் முற்றம் விட்டார்கள். போர் அலுவலகம் அப்படிப்பட்டது. நம் செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொண்டால் போதும், அறைகளை வீடுகளாகப் பிரிக்கத் தடை இல்லை. 1960களுக்குப் பின் வந்த கண்ணாடிக் கட்டடங்கள் அப்படி இல்லை. தளம் அகலமாகிவிட்டது, நடுப்பகுதிக்கு வெளிச்சமே எட்டாது. கழிப்பறைக் குழாய்கள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் இறங்கும். வீடாக்கினால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடுப்படியும் குளியலறையும் வேண்டும், அத்தனைக்கும் கழிவுநீர்க் குழாய் புதிதாக இறக்க வேண்டும். ஜன்னல்கள் திறக்காது. இவ்வளவையும் மாற்ற ஆகும் செலவை எளிய வாடகையில் எடுக்க முடியாது என்பது கட்டுநர்களின் வாதம். அது முழுப் பொய்யல்ல. அலுவலகத்திலிருந்து பிறக்கும் வீடுகள் பெரும்பாலும் ஆடம்பர வீடுகளாகவே பிறப்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

பல மில் கூடங்களுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. ஒரே தளமாகப் பரந்து கிடக்கும், வெளிச்சம் கூரை வழியாக வரும், மேலே மாடி ஏற்ற அடித்தளம் தாங்காது. கட்டடத்துக்கு விலை இல்லாமல் போய் நிலத்துக்கு மட்டும் விலை நிற்கிறது. ஆகவே இடிக்கிறார்கள். 

ஆடம்பர வீடு என்றால் ஆள் வந்து குடியேறுகிறார் என்று அர்த்தமும் இல்லை. லண்டனிலேயே சென்டர் பாயிண்ட் என்ற முப்பது மாடிக்கு மேற்பட்ட அலுவலகக் கோபுரம் 1966இல் எழுந்து, வாடகைக்கு ஆள் சேர்க்காமல் ஆண்டுக்கணக்கில் வெறுமனே நின்றது. ஊரில் வீடில்லாதவர்கள் தெருவில் கிடக்க, கோபுரம் காலியாக நிற்கிறதே என்று 1974இல் போராட்டக்காரர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்தார்கள். பிறகு அதே கோபுரம் 82 ஆடம்பர வீடுகளாக மாறியது. 2018இல், கேட்ட விலை கிடைக்கவில்லை என்று உரிமையாளர்கள் சுமார் பாதி வீடுகளின் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். அலுவலகமாகவும் காலி, வீடாகவும் பாதி காலி. இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

நம் நாட்டில், வேலைத்தலம் யாருடைய வீடாகிறது என்ற கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த ஊர் மும்பை. 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முறையாக முடிவுக்கு வராமலே அது தேய்ந்தது. மில்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூட, மில் பகுதியான பரேலின் நிலம் பொன்னானது. 1991இல் மகாராஷ்டிர அரசு ஒரு விதி கொண்டுவந்தது. மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு வீட்டுவசதி வாரியத்துக்கு, மீதி உரிமையாளருக்கு. அருமையான விதி. 2001இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. பங்கு பிரிப்பது மொத்த நிலத்துக்கு அல்ல, கட்டடம் இல்லாமல் ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் இடத்துக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். மில் என்பதே பெரும்பாலும் கூடங்கள்தானே! ஊருக்குக் கிடைக்க வேண்டிய நிலம் சுருங்கிப்போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இல் திருத்தமே செல்லும் என்று தீர்ப்பானது. சீனிவாஸ் மில் நிலத்தில் இன்று லோதா நிறுவனத்தின் வேர்ல்டு ஒன் 280 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

ஆனாலும் அந்த விதி அடியோடு வீணாகவில்லை. முன்னாள் மில் தொழிலாளர்களுக்கும் வாரிசுகளுக்கும் வீட்டுவசதி வாரியம் குலுக்கல் முறையில் வீடுகள் ஒதுக்கியது. கேட்டு விண்ணப்பித்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர், கிடைத்தது அதில் சிறு பகுதிக்கே. இருந்தாலும், நூல் ஆலையில் பஞ்சுத் தூசியை மூச்சிழுத்தவனுக்கு அந்த நிலத்தில் ஒரு பாத்தியதை உண்டு என்று அரசு தாளில் எழுதியது அங்கேதான்.

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். நல்லது. ஆனால் அது எல்லா மனைக்குமான பொது விதி. அந்த நிலத்தில் நாற்பது வருஷம் ஷிப்டு பார்த்தவர் யார் என்று அது கேட்பதில்லை. புளியந்தோப்புப் பக்கத்தில் மில் தொழிலாளியின் பேரன் இன்று எஸ்.பி.ஆர். சிட்டிக் கோபுரத்துக்குக் காவலாளியாகவோ, சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரிப் பையனாகவோ வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கும். அவன் முன்னோருக்குச் சாத்திய கதவுக்காகத்தான் ஒரு சங்கமே எழுந்தது.

இதை ராஜபாளையம் வட்டாரத்து ஆள் ஏன் இவ்வளவு அக்கறையாகப் பேச வேண்டும்? இது மில் ஊர் என்பதால். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலைச் சம்பளம் இந்த மண்ணின் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். எங்கள் தெருவில் நைட்டி தைக்கிறார்கள். வேலை இன்னும் இங்கே நடக்கிறது. அதே வேளையில் சாலையோரம் பருத்தியும் சோளமும் விளைந்த கரிசல் காடுகளில் மனைக்கல் நட்டு, வளைவு கட்டி, நகர்ப் பெயர் எழுதுகிறார்கள். வேலை தரும் வருமானத்தை மனை விலை முந்தும் நாள் எந்த மில் ஊருக்கும் வரக்கூடியது. வேலை தோற்றதால்தான் மில் மூடுகிறது என்று சொல்வார்கள். பல இடங்களில் வேலை தோற்பதற்கு முன்பே நிலம் ஜெயித்துவிடுகிறது.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாழாய்க் கிடக்கும் கூடத்தைவிட விளக்கெரியும் வீடு மேல். மும்பையின் முதல் விதியைப் போன்ற ஒன்று, திருத்தம் இல்லாமல், மில்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்கே வேண்டும். மில் நிலம் குடியிருப்பானால் ஒரு பங்கு அங்கே வேலை பார்த்தவர்களுக்கு வீடாக, ஒரு பங்கு சிறுதொழிலுக்குக் கூடமாக. செட்டியார்பட்டியில் முன்கூடத்தில் மெஷின் போட்டிருப்பவருக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரு பொதுத் தையல்கூடம் கிடைத்தால் அது பெரிய காரியம். மூடிய பிறகு கேட்டால், மதுரையோ சென்னையோ எங்கோ ஒரு தீர்ப்பாயத்தில் கடன் கொடுத்த வங்கிகளோடு வரிசையில் நிற்க வேண்டிவரும்.

தொழிற்சாலை நிலத்தைக் குடியிருப்பு நிலமாக வகைமாற்றம் செய்யும்போது, ஆட்சேபம் இருந்தால் எழுதித் தெரிவிக்கச் சொல்லி நாளிதழில் அறிவிப்பு போடுகிறார்கள். சர்வே எண்களும் ஏக்கர் கணக்கும் பொடி எழுத்தில் இருக்கும். ஊரில் யாரும் அதை வாசிப்பதில்லை. நைட்டி மடித்துக் கட்ட வாங்கும் பழைய பேப்பர்க் கட்டுகளில் அந்தப் பக்கங்களும் இருக்கின்றன. அடுத்த முறை ராஜபாளையம் வட்டம் என்று தொடங்கும் அறிவிப்பு கண்ணில் பட்டால், கத்தரிக்கோலை எடுக்குமுன் ஒருமுறை வாசித்துவிட்டு, பேரூராட்சி உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.