ஊசியா, சத்திரசிகிச்சையா?

அண்மைக்காலமாக லண்டனில் எம்மவர் கூடும் இடங்களில் சாப்பாட்டுக் கதையை விட மெலியும் ஊசிக் கதைதான் அதிகம். "அவ போட்டு நல்லா மெலிஞ்சிட்டாவாம்" என்பதைக் கேட்டு வைத்தியரிடம் சொல்லாமலே வாங்கிப் போடுபவர்களும் உண்டு. சத்திரசிகிச்சை செய்தவர்களோ அதை வெளியில் சொல்வதில்லை. ஆகவே இரண்டையும் பற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

உடல் நிறையை (கிலோ) உயரத்தின் (மீற்றர்) வர்க்கத்தால் பிரித்தால் வருவது பி.எம்.ஐ. இங்கு பொதுவாக 30 இலிருந்தே உடற்பருமன் என்பார்கள். தெற்காசியரான எமக்கு அது 27.5. குறைந்த நிறையிலேயே எமக்கு நீரிழிவு வந்துவிடுவதே காரணம்.

வாரம் ஒருமுறை தோலின் கீழ் போடும் இந்த ஊசி, சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹோர்மோனைப் போல வேலை செய்து பசியைக் குறைக்கிறது. 2021இல் வெளியான ஆய்வில் வீகோவி போட்டவர்களின் நிறை 68 வாரங்களில் சராசரி 15 வீதம் குறைந்தது. மவுஞ்சாரோவின் கூடிய அளவில், 2022 ஆய்வின்படி, 72 வாரங்களில் சுமார் 21 வீதம். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணம். பித்தப்பைக் கல்லும் வரலாம். ஆனால் பலர் யோசிக்காதது நிறுத்திய பின் நடப்பதை. வீகோவியை நிறுத்திய ஓராண்டில், குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. சொந்தக் காசில் மாதாமாதம் வாங்குபவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சத்திரசிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றுவார்கள், அல்லது உணவு செல்லும் பாதையை மாற்றுவார்கள். சிறு துளைகள் மூலமே செய்வதால் நாங்கள் பயப்படுமளவு பெரிய வெட்டு இல்லை. நிறை 25 முதல் 30 வீதம் வரை குறையும், பலருக்கு நீரிழிவும் தணியும். 1987இல் சுவீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவு எனக் காட்டியது. ஆயினும் ஆயுள் முழுவதும் விற்றமின் எடுக்க வேண்டும். மரக்கறி மட்டும் உண்பவர்கள் பி12, இரும்பு, புரதத்தில் கூடிய கவனம் எடுக்க வேண்டும். பாதை மாற்றியவர்கள் பாயாசம், லட்டு சாப்பிட்டால் வியர்த்துப் படபடக்கலாம்.

பி.எம்.ஐ. 37.5 ஐத் தாண்டி நீரிழிவும் உள்ள எம்மவர், சத்திரசிகிச்சை என்றதும் ஓடக்கூடாது என்பதே எமது எண்ணம். பத்துக் கிலோ மட்டும் கூடியவருக்கு அந்தக் கேள்வியே இல்லை.

ஊசி போடுபவர்களுக்குச் சில குறிப்புகள். கிளிக்கிளசைட் அல்லது இன்சுலின் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவு இறங்கலாம். மவுஞ்சாரோ கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். கர்ப்பகாலத்தில் போடவே கூடாது. வேறு சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க இருந்தால், ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினி கிடந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கக்கூடும்.