நந்திக்கடற் கரையில் ஒரு பழம்பதி

ஆறு கடலோடு கலக்கும் இடத்திலே ஊர் அமைத்து வாழ்வது மனித குலத்தின் பழைய வழக்கம். பயிருக்கு நீரும், வலைக்கு மீனும், கலங்களுக்கு ஒதுக்கிடமும் அங்கே ஒருங்கு கிடைக்கும். வன்னியில் அத்தகைய ஊர் முல்லைத்தீவு. முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பி வரும் பேராறு நந்திக்கடலிற் சேர்கிறது. மேற்கே அக்களப்பு, கிழக்கே பெருங்கடல், இடைப்பட்ட நிலத்திலே ஊர் நீண்டு கிடக்கிறது.

ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டினர். பின்னர் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1803 ஆகஸ்ட் 25 ஆம் நாள் பண்டாரவன்னியன் அவர்தம் காவற்படையைத் தாக்கி விரட்டினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்றான். தம் வெற்றியைக் குறித்து ஆங்கிலேயர் அங்கே ஒரு கல் நாட்டினர். விந்தை என்னவெனில், வென்றவனை நினைப்பார் இன்று இலர். தோற்றவன் பெயரே மக்கள் நாவில் வாழ்கிறது.

களப்பின் கரையிலே வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். வைகாசிப் பொங்கலின்போது எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீர் வார்த்து விளக்கெரிக்கும் மரபு இங்கு உண்டு. 2004 டிசம்பர் 26 இல் அதே கடல் பொங்கி ஊரை வாரிச் சென்றது. ஆயினும் கடல்நீர் கொண்டு விளக்கேற்றும் வழக்கத்தை மக்கள் கைவிட்டாரல்லர்.

ஊரின் தென்கரையையும் வடகரையையும் இணைப்பது வட்டுவாகல் பாலம். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களிலே, பல்லாயிரவர் உயிரொன்றையே பொருளாகக் கொண்டு இவ்வொடுங்கிய பாலத்தின் வழியே நடந்தனர். உடன் நடந்தவரைப் பின்னர் காணாது தேடுவோர் இன்றும் உளர்.

பொஸ்னியாவிலே, நெரெத்வா ஆற்றங்கரையில், மோஸ்தார் என்னும் நகர் உளது. துருக்கியர் காலத்தில், 1566 இல் கட்டி முடித்த அதன் கற்பாலத்தை 1993 நவம்பர் 9 ஆம் நாள் போர் தகர்த்தது. பழைய வடிவிலேயே அதனை மீண்டும் எழுப்பி 2004 இல் திறந்தனர். அடுத்த ஆண்டு அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான வேலை 2025 இல் தொடங்கப்பட்டது. அது வேண்டுவதே, மாரி வெள்ளத்தில் அல்லலுறுவோர்க்கு அதன் அருமை தெரியும். எனினும் பழைய பாலத்தின் ஒரு துண்டையேனும் இடியாது காத்தல் வேண்டும். மோஸ்தார்ப் பாலம்போல் அது அழகிய கட்டடம் அன்று. ஆயினும் தாயின் கை பற்றி அதன்மேல் நடந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகியுள்ளனர். தம் மக்கள் கேட்கும்போது, "இதுதான்" என்று சுட்டிக்காட்ட அவர்களுக்கு ஓர் இடம் வேண்டாமா?