வீட்டிலேயே பிள்ளைக்கு பாடமா? சர்டிபிகேட்டை மறந்துடாதீங்க!

படவேடு,

திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. விடிந்ததும் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, வாழைத்தோட்ட வேலைக்கு ஓடும் தாய்மார்கள், உடம்பு முடியாத பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பது லேசான காரியமா?

முழுநாளும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அடுப்பு வேலை முடிந்ததும் 1 மணி நேரம் கணக்கு, விளக்கு வைத்த பிறகு கொஞ்சம் வாசிப்பு. வாழைத்தார் எண்ணுவதும், கடையில் மீதி சில்லறை பார்ப்பதும் கூட கணக்குப் பாடம்தான்.

ஆனால் எவ்வளவு படித்தாலும் கையில் சர்டிபிகேட் இல்லாவிட்டால் ஐ.டி.ஐ.யில் கூட சேர முடியாது. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

தமிழக அரசின் 8-ம் வகுப்பு தனித்தேர்வை 12½ வயது நிரம்பியவர்கள் எழுதலாம். மத்திய அரசின் தேசிய திறந்தநிலை பள்ளியில் 14 வயது முடிந்தால் 10-ம் வகுப்புக்கு பதியலாம். தமிழிலும் எழுதலாம். ஆண்டுக்கு 2 முறை தேர்வு. 5 ஆண்டுகளுக்குள் 9 வாய்ப்பு உண்டு. ஒரு பாடம் போனாலும் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

வீட்டில் சமாளிக்க முடியலையா? கவலை வேண்டாம். 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் அரசு பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். விட்டுப்போன பாடத்துக்கு தனிப்பயிற்சியும் தர வேண்டும். டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது.