பட்டனைத் தட்டினா பாலம் தூக்கும்!

அனுமந்தை டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது கவனித்திருப்பீர்கள். குறுக்கே ஒரு கட்டை கிடக்கும். பணம் வந்து சேர்ந்தது தெரிந்ததும் கட்டை தானாக மேலே எழும்பும். எழும்பாவிட்டால் பின்னால் நிற்கிற பஸ் டிரைவர் ஹாரனிலேயே நம் பரம்பரையை விசாரிப்பார். அந்தக் கட்டை நேரம் தெரியாமல் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? பானெட்டில் ஒரு சொட்டை, வாயில் நாலு வார்த்தை. அதோடு போச்சு.

இதையே கொஞ்சம் பெரிசு பண்ணி யோசித்துப் பாருங்கள். கட்டைக்குப் பதிலாக 600 டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புப் பாலம். பாலத்தின் மேல் தண்டவாளம், கீழே கடல். ரயிலும் போகணும், கப்பலும் போகணும். ஒருத்தர் போகும்போது இன்னொருத்தர் காத்திருக்கணும். பாலத்தைத் தூக்குவதும் இறக்குவதும் எங்கேயோ ஒரு ரூமில் உட்கார்ந்திருக்கிற ஆசாமியின் ஆள்காட்டி விரல். அவர் கை தவறினால் சொட்டையோடு போகாது சார்.

எங்கள் மரக்காணம் பக்கம் ரயிலே கிடையாது. தண்டவாளத்தைக் கண்ணால் பார்க்கணும் என்றால் திண்டிவனம் போகணும். தண்ணீர் வழிக்குத்தான் பஞ்சமில்லை. ஆந்திராவில் ஆரம்பிக்கிற பக்கிங்காம் கால்வாய், மரக்காணத்தில் வந்துதான் மூச்சு விடுகிறது. ஒரு காலத்தில் இந்த உப்பளத்து உப்பு, படகேறி அந்தக் கால்வாய் வழியாகத்தான் மெட்ராஸ் போயிற்று. ரயிலும் கப்பலும் ஒரே இடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்ளும் வேடிக்கையைப் பார்க்க, இதே கடலோரமாகத் தெற்கே பாம்பன் வரைக்கும் போகணும். வாங்க, போவோம்.

செக்கு சுற்றிய கைகள்

பாம்பன் பழைய ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மெட்ராஸில் ரயில் ஏறி, இந்தப் பாலத்தைத் தாண்டி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறி கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுதான் போட் மெயில்.

ரயிலுக்குப் பாலம் கட்டியாச்சு. கப்பல் எப்படிப் போவது? அதற்காக நடுவில் ஒரு பகுதியை மட்டும் திறந்து மூடுகிற மாதிரி அமைத்தார்கள். அதன் பெயர் ஷெர்சர் ஸ்பான். வில்லியம் ஷெர்சர் என்கிற அமெரிக்க இன்ஜினீயரின் ஐடியா. பாவம், பேட்டன்ட் கைக்கு வருவதற்குள் 1893-லேயே மனிதர் இறந்துபோனார். அவருடைய சகோதரர்தான் தொழிலை எடுத்து நடத்தினார். பாம்பனில் இரண்டு இரும்பு இறக்கைகள் எதிரும் புதிருமாகப் படுத்திருக்கும். கப்பல் வந்தால் இரண்டும் சாய்வு நாற்காலி பின்னால் உருளுகிற மாதிரி உருண்டு, மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்க்கும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை இரும்பையும் தூக்கியது மனிதக் கைகள்! மோட்டார் கிடையாது, பட்டன் கிடையாது. இரண்டு பக்கமும் ஊழியர்கள் நின்று, செக்கு சுற்றுகிற மாதிரி நீளமான கம்பியைத் தள்ளிக்கொண்டே சுற்றி வருவார்கள். பல்சக்கரம் நகரும். பாலம் அங்குலம் அங்குலமாக எழும்பும்.

எப்படி முடிந்தது? பி.காம். படித்தவனான எனக்கு பிசிக்ஸ் தூரத்து உறவுதான். ஆனாலும் இது பேலன்ஸ் ஷீட் சமாச்சாரம் என்பதால் புரிந்தது. கடல் பக்கம் எவ்வளவு பாரமோ, அதற்கு ஈடான பாரத்தைப் பின்பக்கம் வைத்துவிடுவார்கள். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி! கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையில் கல் கட்டுவோமே, அதே தத்துவம். ஆட்கள் தூக்கவேண்டியது பாலத்தின் எடையை இல்லை, கொஞ்சம் உராய்வையும் காற்றின் முரண்டையும்தான்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலை மறக்க முடியுமா? தனுஷ்கோடி ஊரே போயிற்று. ஊருக்கு அருகில் வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பலி. பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் கடலுக்குள். ஆனால் அந்த ஷெர்சர் ஸ்பான் மட்டும் நின்றது! பாலத்தைச் சரிசெய்யும் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயரிடம் வந்தது. கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன்தான்.

இப்போ பட்டன் காலம்

உப்புக்காற்று யாரையும் விடாது. எங்கள் ஊர் சைக்கிள் ஸ்டாண்டைக் கேட்டால் சொல்லும். 100 வருஷம் தாண்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம் எழுந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார்.

இது இறக்கை விரிக்கிற ஜாதி இல்லை. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு, படுத்த வாக்கிலேயே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் உயரம் நேராக மேலே போகும். இரண்டு பக்கமும் கோபுரங்கள், உச்சியில் பெரிய சக்கரங்கள், அதன் மேல் இரும்புக் கயிறு. ஒரு முனையில் பாலம், மறுமுனையில் எடைக்கட்டி. கிணற்று ராட்டினத்தில் இரண்டு பக்கமும் குடம் கட்டின மாதிரி. இங்கேயும் அதே டேலிதான். மோட்டார் பெயருக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும்.

செக்கு சுற்றிய இடத்தில் இப்போது கன்ட்ரோல் பேனல். வியர்வை போய் ஏ.சி. வந்தாச்சு. 'அவ்வளவுதானா? நம்ம ஆபீஸ் பியூனே அமுக்கிவிடுவாரே' என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

லாக்கருக்கு எத்தனை சாவி?

பேங்க் லாக்கர் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். (இல்லாதவர்கள் மாமனாரிடம் கேட்டுக்கொள்ளவும்.) உங்கள் சாவியால் மட்டும் லாக்கர் திறக்காது. பேங்க்காரர் சாவியால் மட்டும் திறக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு அசையும். யார் மேலும் சந்தேகம் இல்லை, ஏற்பாடே அப்படி.

தூக்குப்பாலத்திலும் இதுதான். ரயில்வே பாஷையில் இன்டர்லாக்கிங். பாலத்தைத் தூக்கணும் என்றால் முதலில் இரண்டு பக்கமும் சிக்னல் சிவப்பாகணும். பாலத்தில் வண்டி இல்லை என்று உறுதியாகணும். அப்புறம்தான் தண்டவாள முனைகளைப் பிடித்திருக்கும் பூட்டுகள் விலகும். பிறகுதான் மோட்டாருக்கு உயிர் வரும். கப்பல் போனபின் எல்லாம் தலைகீழ் வரிசை. பாலம் இறங்கி, சரியாக உட்கார்ந்து, ஒவ்வொரு பூட்டும் விழுந்து, 'விழுந்தாச்சு' என்று சென்சார் சொன்னால்தான் சிக்னல் பச்சையாக முடியும். நடுவில் ஒரு படியைத் தாண்டி, 'பரவாயில்லப்பா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். பல ரயில் தூக்குப்பாலங்களில் ஆளே கிடையாது. ரயில் வராத நேரமெல்லாம் பாலம் படகுகளுக்காகத் திறந்தே கிடக்கும். ரயில் வரும்போது, தொலைவில் இருக்கிற கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒருவர் கேமராவில் பார்ப்பார். சைரன் ஊதும், விளக்கு சிமிட்டும், பாலத்துக்கு அடியில் படகு ஏதும் இருக்கிறதா என்று சென்சார் தடவிப் பார்க்கும். பிறகு பாலம் மூடும். படகுக்காரருக்குச் சந்தேகம் வந்தால் ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்கலாம். சில இடங்களில் ரயில் இன்ஜினில் இருக்கிறவர்களே ரேடியோ வழியாகப் பாலத்தை மூடச் சொல்லலாம்.

கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. இப்போது மூன்று கதைகள்.

சிவப்பைத் தாண்டினால்...

முதல் கதை, 1958 செப்டம்பர் 15. நியூஜெர்சியில் நியூவார்க் பே பாலம். நம் புதுப் பாம்பன் மாதிரியே நேராக மேலே போகிற ஜாதி. படகுக்காகப் பாலம் தூக்கி நிற்கிறது. சிக்னல் சிவப்பு. காலையில் ஆபீஸ் போகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்த ரயில், என்ன காரணமோ, சிவப்பைத் தாண்டி நேராகத் தண்ணீருக்குள் பாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். பாலமும் சிக்னலும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தன.

இரண்டாவது, 1993 செப்டம்பர் 22. அலபாமா மாநிலம், மொபைல் நகருக்குப் பக்கம். நடுராத்திரி தாண்டி, அடர்ந்த பனி. பார்ஜ் தள்ளிக்கொண்டு வந்த படகு ஒன்று வழி தவறி, ஒரு ரயில் பாலத்தில் மோதியது. பாலம் சுமார் ஒரு மீட்டர் விலகிப் போச்சு. தண்டவாளம் வளைந்தது, ஆனால் அறுந்துவிடவில்லை. தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தை வைத்துத்தான் சிக்னல் வேலை செய்யும். கம்பி அறுபடாததால் அதைப் பொறுத்தவரை எல்லாம் சுபம். பச்சை! சில நிமிஷத்தில் வந்த எக்ஸ்பிரஸ் அந்தப் பச்சையை நம்பிப் போனது. 47 பேர் பலி.

மூன்றாவது, 2012 நவம்பர் 30. மறுபடி நியூஜெர்சி, பால்ஸ்பரோ என்கிற சின்ன ஊர். ஆளில்லாத, ரேடியோவில் இயங்குகிற பாலம். சரக்கு ரயில் வந்தது. பாலம் மூடியபிறகும் சிக்னல் சிவப்பிலிருந்து மாறவில்லை. ரயிலிலிருந்து இறங்கி ஒருவர் நடந்துபோய்ப் பார்த்தார். பாலம் மூடித்தான் இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது என்று நினைத்தார். கன்ட்ரோலில் அனுமதி வாங்கி, சிவப்பைத் தாண்டி வண்டியை எடுத்தார்கள். பூட்டு விழவில்லை. பாரம் ஏறியதும் பாலம் விலகியது. வேகன்கள் ஓடைக்குள் விழுந்தன. ஒரு டேங்கர் வேகன் பிளந்து, வினைல் குளோரைடு என்கிற விஷவாயு ஊருக்குள் பரவியது. ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்தது. அந்தப் பாலத்தைப் பார்த்து 'சரி, தப்பு' சொல்ல அந்த ஊழியருக்குப் போதிய பயிற்சி கொடுக்கவில்லை என்று விசாரணையில் வந்தது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலபாமாவில் மெஷின் ஏமாந்தது. யாராவது ஒரு ஆள் பாலத்தில் நின்றிருந்தால் கத்தியிருப்பார். பால்ஸ்பரோவில் மெஷின் சொன்னதுதான் நிஜம், மனிதக் கண் ஏமாந்தது. நியூவார்க்கில் இரண்டும் சரி, ஆனால் ரயில் நிற்கவில்லை. 'எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்' என்கிறவரும், 'மனுஷன் மாதிரி வருமா' என்கிறவரும் டீக்கடையில் மணிக்கணக்கில் சண்டை போடலாம். பாலத்துக்கு அந்தச் சண்டை தேவையில்லை. இரண்டு சாவியும் தேவை.

காற்றுக்கும் ஒரு சிக்னல்

பாம்பனில் மூன்றாவது சாவி ஒன்றும் உண்டு. காற்று! பழைய பாலத்தில் காற்று வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில் போகக்கூடாது என்று ஏற்பாடு. அளப்பதற்குக் கருவி, தடுப்பதற்குச் சிக்னல். மேலதிகாரி அவசரத்தில் இருக்கிறார் என்பதற்காகக் காற்று வேகம் குறையாது.

புதுப் பாலத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் சோதித்து, குறைகளையும் எழுதி வைத்தார். பாலத்தில் 75 கிலோமீட்டர் வேகம் போகலாம், ஆனால் தூக்குகிற பகுதியில் மட்டும் 50-ஐத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை போட்டார். திறப்பு விழா அன்றைக்கே, கப்பலுக்கு வழிவிட்டு ஏறிய பாலம் இறங்கும்போது கொஞ்சம் மக்கர் பண்ணியது. சரிசெய்து இறக்கினார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. புது மாப்பிள்ளையே முதல் நாள் கொஞ்சம் முரண்டு பிடிப்பார். ஆனால் அன்றைக்கு அங்கே போய் நின்று, எந்தப் பக்கம் உயரம், எந்தப் பக்கம் தாழ்வு என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது இல்லையா? பட்டன் அதைச் சொல்லாது.

செக்கு சுற்றிய ஊழியர்களைப் பற்றி யோசித்தால்தான் மனசு உறுத்துகிறது. அவர்கள் கையிலிருந்தது வெறும் பலம் மட்டும் இல்லை. கம்பி எப்போது கனக்கும், எந்த இடத்தில் முனகும், காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்பது உள்ளங்கைக்குத் தெரியும். மெஷின் வந்ததும் முதலில் ஆளைக் குறைப்பது ஆபீஸ் வழக்கம். ஆள் போகும்போது அவரோடு சேர்ந்து போகிற அறிவுக்கு எந்த லெட்ஜரிலும் கணக்கு எழுதுவதில்லை. பால்ஸ்பரோவில் ஓடைக்குள் விழுந்தது வேகன் மட்டும் இல்லை, இதுவும்தான்.

அதனால் பட்டன் வேண்டாம் என்றா சொல்கிறேன்? சத்தியமாக இல்லை. கொளுத்தும் வெயிலில் கம்பியைத் தள்ளிச் சுற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சுற்றின கையைப் பட்டன் பக்கத்தில் உட்கார வைக்கணும், அவ்வளவுதான். அதோடு, 'சிவப்பு மாறலியே சார், வண்டியை விடமாட்டேன்' என்று அவர் சொன்னால், ஏன் லேட் என்று மெமோ கொடுக்காமல் இருக்கணும்.

அடுத்த தடவை ராமேஸ்வரம் போகும்போது நடுக்கடலில் வண்டி வேகம் குறையும். 'என்னய்யா, மாட்டுவண்டி மாதிரி' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேகக் குறைவுக்குப் பின்னால் ஒரு அதிகாரியின் கையெழுத்து, ஒரு டஜன் பூட்டு, ஒரு காற்றுக் கருவி, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஊழியர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். நீங்கள் ஜன்னலோர சீட்டுக்கு மட்டும் சண்டை போடுங்கள். இரண்டு பக்கமும் கடல், பார்க்க அருமையாக இருக்கும்!